மாரிக்கு முன் வளவு: ஆவணிக் கடைசியிலிருந்து தை வரை செய்ய வேண்டிய வேலைகள்

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்ததை எங்கள் வளவில் முதலில் சொல்வது வேலியோரப் பனைதான். ஆனியும் ஆடியும் ஓலையைப் படபடவென்று அடித்துக்கொண்டு நின்ற மரம், ஆவணிக் கடைசியில் ஒருநாள் சத்தமில்லாமல் நிற்கும். அன்றிரவோ மறுநாளோ ‘தொம்’ என்று ஒரு பழம் விழும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மம்மா மண்வெட்டியைத் தேடத் தொடங்கிவிடுவார். மாரிக்கு இன்னும் ஆறேழு கிழமைதான் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

குளிர் நாட்டுக்காரர்களுக்கு இலை உதிரும் காலம் எப்படியோ, திருகோணமலையில் நமக்கு இந்த ஆறேழு கிழமை அப்படி. ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில்தான் கொட்டுகிறது. கார்த்திகையில் ஒரு வேலையை நினைத்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினால் முழங்கால் வரை சேறு. ஆகவே வேலைகளுக்கு ஒரு வரிசை வேண்டும். காய்ந்த நிலத்தில் மட்டும் செய்யக்கூடியவை முதலில். முதல் மழையின் ஈரத்தை வாங்கிக்கொண்டு செய்பவை அடுத்தது. மழை விடாமல் பெய்யும்போது விறாந்தையில் இருந்து செய்பவை கடைசியில். இந்த வரிசை பிழைத்தால் எவ்வளவு பாடுபட்டாலும் பாதிதான் கைக்கு வரும்.

எங்களுடையது சாம்பல்தீவுப் பக்கம், களப்புக்குக் கிட்ட, அரை ஏக்கர் மணல் வளவு. அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துக் களிமண்ணுக்கும், மூதூர், வெருகல் பக்கத்து ஆற்றங்கரை வளவுகளுக்கும் சில இடங்களில் கணக்கு மாறும். அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள்

ஒரு பின்னேரம் கையில் நாலைந்து குச்சியோடு வளவைச் சுற்றுங்கள். போன மாரியில் தண்ணீர் எங்கே தேங்கியது, எந்தப் பக்கத்தால் வெளியேறியது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கேட்டுக் குச்சி நடுங்கள். ஒரு நாளைக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் கத்தரியும் மிளகாயும் வைக்கக் கூடாது. மரவள்ளி அங்கே அழுகிவிடும். பழைய வடிகானில் மண் தூர்ந்திருக்கும், அதை இப்போதே வெட்டித் திறந்துவிடுங்கள். கானின் வாய் அயல் வளவுக்குள் போகிறது என்றால் மண்வெட்டி பிடிக்க முன் அவர்களோடு பேசிவிடுங்கள். மழைக்குள் நின்று தண்ணீர்ச் சண்டை பிடிப்பதைப் போல மனம் கசக்கிற விசயம் வேறில்லை.

கிணறு

கிணற்றில் தண்ணீர் ஆகக் குறைந்து நிற்பது புரட்டாதியில்தான். இறைத்து முடித்துச் சேறு அள்ள அதுவே நேரம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஊற்று முந்திக்கொள்ளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குறுகிய கிணற்றுக்குள் அது நிறைந்துவிட்டால் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். எங்களுக்குக் கிணறு துப்புரவாக்க வரும் கிண்ணியா நானா ஒருமுறை சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: “தங்கச்சி, மிசினைக் கிணத்துக்குள்ள இறக்கிறதெண்டா நான் இறங்கமாட்டன். காசு தராட்டியும் பரவாயில்ல.” பம்ப் மேலே, காற்றோட்டமான இடத்தில் நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும். உள்ளே இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். தனியாக ஒருவர் இறங்கவே கூடாது. விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டும், காபனோரொட்சைட்டைக் காட்டாது. விளக்கு எரிகிறதே என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

சேறு அள்ளிய பிறகு கிணற்றுக்கட்டைப் பாருங்கள். வெள்ளம் நிற்கும் மட்டத்துக்கு மேலே அது உயர்ந்திருக்க வேண்டும். கட்டைச் சுற்றிச் சீமெந்து வெடித்திருந்தால் இப்போதே பூசுங்கள், வெயிலில் நன்றாக இறுகும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மணல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் வேகமாக ஊறிப்போகும் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கிடுகு பின்னுவது

தகரமும் ஓடும் வந்த பிறகு தென்னோலையில் பின்னும் கிடுகு குறைந்துவிட்டது. ஆனாலும் வேலிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் நாற்றுமேடைப் பந்தலுக்கும் கிடுகைப் போல வேறொன்று இல்லை. கீழே குளிர்ச்சி, மேலே மழை வழிந்து போகும். பழுதானால் கூட்டெருவுக்குப் போகும். விழுந்து கிடக்கும் மட்டையில் செய்வதால் செலவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு புரட்டாதியிலும் நாற்பது ஐம்பது கிடுகு பின்னுவோம். எனக்கு இந்த மாதத்திலேயே பிடித்த வேலை இதுதான்.

காய்ந்து முறுகிப்போன மட்டையை விட்டுவிடுங்கள். பழுத்து விழுந்த மட்டை, அல்லது தேங்காய் பறிக்க ஏறியவர் வெட்டிப்போட்ட மட்டை நல்லது. அடிப்பக்கத்து அகன்ற பகுதியை வெட்டி விறகுக்குப் போடுங்கள். மீதியை நுனியிலிருந்து அடி வரை நடுவால் இரண்டாகக் கிழிக்க வேண்டும். கத்தியால் நுனியில் ஒரு வெட்டு வைத்து, ஒரு பாதியைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றதைக் கையால் மேலே இழுத்தால் தானாகப் பிளந்து வரும். பக்கம் சரிந்து போனால் கத்தியை வைத்து நேர்ப்படுத்திக்கொள்ளலாம்.

கிழித்ததைக் கட்டாகக் கட்டி, மேலே கல் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குறைந்தது நாலைந்து நாள். நாங்கள் களப்பு உவர்நீரில் ஒரு கிழமை போடுவோம். உவர்நீரில் ஊறிய கிடுகு கூடுதல் காலம் உழைக்கும் என்பது கரையோரத்தில் எல்லோரும் சொல்வது, எங்கள் வேலியிலும் அப்படித்தான் தெரிகிறது. அயல்வீட்டு அக்கா ஒவ்வொரு வருசமும் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, “பிள்ளை, மட்டை இன்னும் தண்ணிக்குள்ள போடேல்லையோ?” என்று கேட்பார். அவர் கேட்கிறார் என்றால் நாங்கள் பிந்திவிட்டோம் என்று அர்த்தம்.

பின்னும்போது மட்டைப் பாதியை நிலத்தில் நீளமாகக் கிடத்துங்கள். மட்டை உங்களுக்கு எதிர்ப்பக்கம், ஓலைகள் உங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். தடித்த அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக ஓலையை எடுத்து மட்டையோரம் மடித்து, அடுத்தடுத்து நிற்கும் ஓலைகளுக்கு மேலும் கீழுமாக நுழைத்துக் கொண்டு போங்கள். முதல் நாலைந்து ஓலை கொஞ்சம் குழப்பும். பிறகு விரல் தானாகவே வழி பிடித்துவிடும். ஒவ்வொரு வரிசையையும் கையால் மட்டைப்பக்கம் தள்ளி இறுக்குங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசிக்கண் அளவுக்கு மேல் ஓட்டை தெரியக் கூடாது. நுனிக்கு வந்ததும் மிஞ்சிய ஓலைகளை இரண்டிரண்டாக முறுக்கி முடிச்சுப் போட்டு முடித்துவிடுங்கள். பின்னி முடித்த பகுதியின் மேல் ஏறிக் குந்திக்கொண்டு முன்னுக்கு நகர்ந்து பின்னுவது நல்லது, உடம்பின் பாரமே அதைத் தட்டையாக வைத்திருக்கும்.

ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் விரித்துக் காய வைத்த பிறகே அடுக்குங்கள். கூரைக்கு வைக்கும்போது கீழிருந்து மேலாகக் கட்டிப் போக வேண்டும். மேல் கிடுகு கீழ்க் கிடுகின் மேல் பாதிக்குக் கூடுதலாகப் படிந்திருந்தால் ஒழுகாது.

நாற்றுமேடை

மாரித் தோட்டம் உருப்படுமா இல்லையா என்பது ஒரு மேசை அளவு நிலத்தில் தீர்மானமாகிறது. அந்த மேடைக்குத்தான் நான் அதிக கவனம் கொடுக்கிறேன்.

புரட்டாதி பிறந்ததும் 3 அடி அகலம், 10 அடி நீளம், அரை அடி உயரத்தில் ஒரு மேடை போடுங்கள். மண்ணோடு மக்கிய மாட்டெருவைச் சரிபாதி கலக்கலாம். அதன் மேல் வைக்கோலும் உமியுமாக மாறி மாறிப் பரப்பிக் கொளுத்த வேண்டும். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் நெருப்பு வைத்தால் மெதுவாக எரியும், சூடு மண்ணுக்குள் இறங்கும். நாற்றின் அடித்தண்டை அழுக வைக்கும் பூஞ்சணமும் களை விதைகளும் இதில் பெருமளவு அழிந்துவிடும். ஆறியதும் சாம்பலை மண்ணோடு கலந்துவிடுங்கள்.

விதை வாங்கும்போது பைக்கற்றில் உள்ள திகதியைப் பாருங்கள். ஒருமுறை பட்டணத்துக் கடையொன்றில் வாங்கிய மிளகாய் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் காலம் கடந்த விதை என்று தெரிந்தது. அதற்குள் இரண்டு கிழமை போய்விட்டது. அன்றிலிருந்து எந்த விதை என்றாலும் முதலில் இருபதை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பேன். பதினைந்துக்கு மேல் முளைத்தால் சரி.

நாலைந்து அங்குல இடைவெளியில் வரி கீறி, கால் அங்குல ஆழத்தில் ஐதாக விதையுங்கள். மேலே மெல்லிசாக வைக்கோல் போட்டுப் பூவாளியால் தண்ணீர் விடுங்கள். மிளகாய் முளைக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். முளை தலைகாட்டியதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

மேடைக்கு மேல் கிடுகுப் பந்தல் கட்டாயம். ஒரு வருசம் அதை விட்டுவிட்டேன். புரட்டாதிக் கடைசியில் ஒரு பின்னேரம் இடியோடு வந்த மழை, மூன்று கிழமை நாற்றை அரை மணித்தியாலத்தில் மண்ணோடு மண்ணாக்கிவிட்டது. பருவமழைக்கு முன்னால் வரும் அந்த இடிமழைகளின் துளி பெரிது. பிஞ்சு நாற்று தாங்காது.

தக்காளி நாற்று மூன்று கிழமையில் பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிடும். கத்தரிக்கு நாலு, மிளகாய்க்கு நாலரை ஐந்து கிழமை. நடுவதற்கு ஒரு கிழமை முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துப் பந்தலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். தண்டு தடிக்கும். தோட்டத்தில் மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடி, கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடி இடைவெளி. களிமண் வளவென்றால் வரம்பு உயர்த்தி அதன் மேல் நடுங்கள். மயில் வந்து நுனியைக் கொத்தாமல் இருக்க முதல் பத்து நாளைக்குப் பழைய மீன்வலையை மேலே இழுத்துக் கட்டுங்கள்.

பயிற்றை, பாகல், புடோல், பூசணிக்கு நாற்றுமேடை வேண்டாம். நேரே குழியில் விதைக்கலாம். பந்தல் கால்களை மட்டும் நிலம் காய்ந்திருக்கும்போதே ஆழமாக நட்டு வையுங்கள்.

எரு, வைக்கோல், விறகு

சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோல் மலிவாகக் கிடைக்கும் நேரம் இது. தம்பலகாமத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி ஏற்றி வந்துவிடுங்கள். பாதி மாட்டுக்கு, பாதி கூட்டெருவுக்கும் பாத்தி மூடுவதற்கும் ஆகும்.

கூட்டெருக் கும்பியின் அளவு நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடிக்குக் குறையக் கூடாது. சிறிய கும்பி சூடேறாது. காய்ந்த சருகு ஒரு அடுக்கு, பச்சைக் குழை ஒரு அடுக்கு, மாட்டெரு ஒரு அடுக்கு என்று போடுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. இரண்டு கிழமைக்கொருமுறை புரட்டினால் இரண்டரை மூன்று மாதத்தில் மண் மணக்கும். மழைக்கு மேலே கிடுகோ பொலித்தீனோ போட்டு மூடாவிட்டால் சத்தெல்லாம் கரைந்து கானோடு போய்விடும்.

விறகை நிலத்தில் அடுக்காதீர்கள். அடியில் நாலு கல் வைத்து உயர்த்துங்கள்.

பனங்கொட்டைப் பாத்தி

இரவில் விழுந்த பழத்தை விடியலிலேயே பொறுக்கிவிடுங்கள். பிந்தினால் மாடு முந்திவிடும். நார் தெரியச் சூப்பிவிட்டுத்தான் விடும்.

பழத்தின் கறுத்த தோலை உரித்தால் மஞ்சள் நாரோடு மூன்று கொட்டை வரை இருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, துணியில் வடித்தால் களி. அதைப் பாயில் மெல்லிசாகப் பூசி வெயிலில் காயவிட்டு, காய்ந்ததன் மேல் மறுநாள் மறுபடி பூசி, இப்படிப் பல நாள் பூசிக் காய வைத்தால் பனாட்டு. புரட்டாதி வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஈரக்காற்றுப் பட்டால் காயாமல் புளித்துப்போகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் களியைச் சீனியோடு காய்ச்சி, மாவில் குழைத்துப் பனங்காய்ப் பணியாரம் சுடலாம். சுட்ட அன்றைவிட அடுத்தநாள்தான் ருசி.

கொட்டைகளை எறியாதீர்கள். இதற்காகத்தான் அம்மம்மா மண்வெட்டி தேடுவார்.

வேலியோரம் வெயில் படும் மேட்டில் பாத்தி போடுங்கள். பனை முளைக்கும்போது முதலில் கீழே இறங்கும். அந்த இறங்கும் முளைதான் கிழங்காகிறது. ஆகவே கொட்டைக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டு அடி வரை இளகின மண் இருக்க வேண்டும். நிலத்தைக் கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, மணலை மேலே குவித்து உயர்த்துங்கள். களிமண் வளவென்றால் வெளியிலிருந்து மணல் கொண்டுவந்தே தீர வேண்டும். இறுகிய மண்ணில் கிழங்கு கட்டையாகக் கோணி வரும், கிண்டும்போது முறியும்.

மேலே மட்டப்படுத்தி, கொட்டைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்குங்கள். கண் உள்ள பக்கம் கீழே பார்க்கட்டும். கொட்டை நிறைய இருந்தால் அதன் மேல் இன்னொரு அடுக்கு வைக்கலாம், நாங்கள் இரண்டுக்கு மேல் போவதில்லை. மேலே மூன்று நாலு அங்குலம் மண் போட்டு, அதன் மேல் பனையோலை. மழை வரும்வரை இரண்டு நாளைக்கொருமுறை தண்ணீர் தெளியுங்கள். மழை வந்த பிறகு அதை மறந்துவிடலாம். காட்டுப்பன்றி வரும் ஊரென்றால் மட்டும் முள்ளுக்கட்டை சுற்றிப் போட வேண்டும்.

கூரைத் தண்ணீரும் காற்றும்

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலக் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். சிந்தியது சிதறியது போக 4,000 லீற்றராவது பிடிக்கலாம். பீலியில் கிடக்கும் சருகை இப்போதே வழித்துவிடுங்கள். முதல் மழைத் தண்ணீர் தூசியும் குருவி எச்சமுமாக வரும். அதை வெளியே விட்டுவிட்டு, கூரை கழுவுண்ட பிறகு தாங்கிக்குத் திருப்புங்கள். தாங்கியின் எல்லா வாய்க்கும் நுளம்பு வலை கட்டுங்கள். 2017இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்கள் நாம். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் மழைக்கு முன் கவிழ்த்தோ அகற்றியோ விடுங்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையேறியது. கார்த்திகையில் எங்கள் கரைக்கு இப்படி வரக்கூடும் என்று நினைத்தே மரங்களைப் பாருங்கள். கூரைக்கு மேல் சாய்ந்த கொப்பு, காய்ந்த மட்டை, முற்றிய தேங்காய்க் குலை எல்லாம் புரட்டாதிக்குள் இறங்க வேண்டும். முருங்கையை ஆளுயரத்துக்கு வெட்டிவிட்டால் காற்றில் முறியாது, மாரிக்குப் பிறகு கை எட்டும் உயரத்தில் காய்க்கும். மகாவலிக் கரையில் இருப்பவர்கள் விதை, பத்திரம், ஆட்டுக்கான தீனி மூன்றையும் பரணில் ஏற்றிவிடுங்கள்.

முதல் மழை விழுந்ததும்

ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து, கிண்டிப் பார்க்க மண் அரை அடிக்கு ஈரமாக இருந்தால் நடுகை தொடங்கலாம்.

வேலிக்கு நடும் கதியால் தடி முதலில். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, கிளிசிறிடியா எது என்றாலும் மணிக்கட்டு மொத்தத்தில், ஆறடி நீளத்தில் வெட்டுங்கள். அடியைச் சரிவாகச் சீவி, தலையில் சாணி அப்பி, இரண்டு மூன்று நாள் நிழலில் நிமிர்த்தி வைத்துவிட்டு நடுங்கள். ஒன்றரை அடி ஆழம். அலவாங்கால் துளை போட்டு இறக்க வேண்டும், மண்ணில் வைத்துக் குத்தினால் பட்டை உரிந்து வேர் விடாது. என்னைக் கேட்டால் கிளிசிறிடியாவைத்தான் சொல்வேன். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கமே அறிவித்த மரம். குழை ஆட்டுக்கும் எருவுக்கும், தடி அடுப்புக்கும் ஆகும்.

தென்னங்கன்றுக்குக் குழி புரட்டாதியிலேயே வெட்டி ஆறப்போட்டிருக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை இரண்டு அடுக்காக, உட்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். மணலில் விழும் தண்ணீரை அது கோடைக்குப் பிடித்து வைக்கும். மேல்மண்ணும் எருவும் போட்டு நிரப்பி, கன்றை நடுவில் வையுங்கள். கன்றுக்குக் கன்று 26 அடி. நெருக்கமாக வைத்துவிட்டுப் பிறகு காய்க்கவில்லை என்று வருந்தும் வளவுகள் நிறைய. பன்குளம், கந்தளாய், சேருவில பக்கம் யானை வரும் இடமென்றால் கன்றுகளை வீட்டுக்குக் கிட்டவே வையுங்கள். இளங்கன்றின் குருத்துக்கு அது தேடி வரும்.

மரவள்ளித் தடியைச் சாணளவு வெட்டி, மேடு கட்டி, 3 அடிக்கு ஒன்றாகச் சரித்து நடுங்கள். கச்சான் கடலை, சோளம், உளுந்து போட இடமிருந்தால் இதே கிழமைதான்.

அடைமழைக்குள்

கார்த்திகையில் வெளிவேலை நின்றுவிடும். கடலும் கொந்தளிக்கும், நிலாவெளியில் விடுதி வேலை செய்பவர்களுக்கும் அது ஓய்வுகாலம். இந்த நாட்களுக்கென்று மூன்று பொழுதுபோக்கைச் சொல்கிறேன்.

முதலாவது பன்னவேலை, பனையோலையில் பெட்டி பின்னுவது. அதற்கான பனங்குருத்தை வெயில் காலத்திலேயே வெட்டி, காயவிட்டு, சுருட்டி வைத்திருக்க வேண்டும். மழைநாளின் ஈரக்காற்றில் ஓலை முறியாமல் வளையும், பின்னுவதற்கு அதுவே உகந்தது. புதிதாகப் பழகுபவர்கள் சின்னப் பெட்டியில் தொடங்குங்கள். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி அதற்குப் பிறகு. கூம்பு முனையில் ஓலையைத் திருப்புவது கை பழகினால்தான் வரும். பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தால் மழை நிற்கும்வரை அவர் அருகில் போய் இருந்துவிடுங்கள்.

இரண்டாவது மழை அளப்பது. பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள ஒரு தகரப்பேணி போதும். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கு முடிக்கிறது, வானொலியில் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று வருசம் எழுதினால் உங்கள் வளவுக்கு எப்போது விதைக்க வேண்டும் என்பது அந்தக் கொப்பியிலேயே தெரியும்.

மூன்றாவது ஆறுமணிக்குருவி. புரட்டாதி, ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து சித்திரை வரை நம்மோடு இருந்துவிட்டுப் போகும். பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் நெஞ்சு, வாலடியில் சிவப்பு, கண்ணின் ஊடாகக் கறுப்புப் பட்டை. காலையிலும் மைம்மலிலும் இரண்டு சுருதியில் கூவும். அது நிலத்தில் சருகைக் கிளறிப் புழு பொறுக்கும் குருவி. வளவு முழுக்கக் கூட்டித் துப்புரவாக்காமல், பின்மூலையில் ஒரு பாய் அளவுக்குச் சருகை விட்டுவையுங்கள். எங்கள் மாமரத்தடிக்குப் போன வருசமும் வந்தது. முதல்நாள் கூவலைக் கேட்ட திகதியையும் மழைக் கொப்பியிலேயே எழுதுகிறேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு இடையில் ஒருநாள் ஒதுக்குங்கள். பழைய வேட்டித் துணியைத் தடியில் சுற்றி எண்ணெயில் நனைத்த பந்தங்களைக் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், எருக்கும்பி, நாற்றுமேடை என்று ஒவ்வொரு இடத்திலும் நட்டுக் கொளுத்துவோம். மழை விட்ட இடைவெளியில் ஓடியோடிச் செய்ய வேண்டும்.

கிழங்கு கிண்டுவது

மார்கழிக் கடைசியில் பாத்தியின் ஓரத்தில் ஒரு கொட்டையை மட்டும் பக்கத்தால் கிண்டிப் பாருங்கள். நேரே பிடித்து இழுக்கக் கூடாது, முறிந்துவிடும். கிழங்கு பெருவிரலை விடத் தடித்து, உறை காயத் தொடங்கியிருந்தால் பருவம். இன்னும் மெல்லிசாக இருந்தால் மண்ணை மூடிவிட்டு இரண்டு கிழமை பொறுங்கள். பொங்கல் கழிந்து கனநாள் விட்டால் நார் கூடிவிடும்.

கிண்டும்போது பாத்தியின் ஒரு பக்கத்தில் இரண்டடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அங்கிருந்து மண்ணைச் சரித்துக்கொண்டே போங்கள். கிழங்குகள் வரிசையாக நிற்பது தெரியும். பிரித்தெடுத்த கொட்டையைக் கத்தியால் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, இனிப்பான பூரான். அது பிள்ளைகளின் பங்கு. பிளக்கும் இடத்தைச் சுற்றி அவர்கள் குந்தியிருப்பார்கள்.

அன்றைக்குத் தின்பதை உப்பும் மஞ்சளும் போட்டு அவியுங்கள். மிச்சத்தில் பாதியைப் பச்சையாகத் தோலுரித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து காயப்போட்டால் ஒடியல், மீன் கூழுக்கு மா ஆகும். மற்றப் பாதியை அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். தை வெயிலில் கொடியில் தொங்கவிட்டு, ஒடித்தால் ‘டக்’ என்று முறியும்வரை காய வையுங்கள். ஈரமில்லாத தகரத்தில் இறுக்கி மூடினால் அடுத்த பனம்பழம் விழும்வரை இருக்கும்.